மூன்று தீவுகளும் சித்தப்பாவின் தபால்தலை ஆல்பமும்

முதல் நாள், ரோஸ் ஹில்

சித்தப்பா முப்பத்தெட்டு வருடம் தபால் இலாகாவில் இருந்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். மொரீஷியஸ் என்றதும் மற்றவர்களுக்குக் கடற்கரையும் தேனிலவும் ஞாபகம் வரும். இவருக்கு ஒரு தபால்தலை. "அதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும்டா" என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி காலமான பிறகு ஒருநாள் வங்கிக்குப் போய் வைப்புத்தொகை ஒன்றை உடைத்தார். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரோட்டில் பள்ளம், மின்வெட்டு, ரயில் தாமதம், எதுவானாலும் சித்தப்பா வாயில் வருவது ஒரே வாக்கியம்: "வெள்ளைக்காரன் இன்னும் அம்பது வருஷம் இருந்திருக்கலாம்." அவர் பிறந்தது 1953-ல். வெள்ளைக்காரனை அவர் பார்த்ததெல்லாம் மாமல்லபுரத்தில், கழுத்தில் கேமராவோடு.

மும்பையில் விமானம் மாறி ஆறு மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினோம். விமான நிலையத்தின் பெயர் சர் சிவசாகர் ராம்கூலம், முதல் பிரதமர். வெளியே ஆகஸ்ட் குளிர் காற்று, இரண்டு பக்கமும் கரும்பு. வெட்டு நடக்கிற காலம். நாங்கள் தங்கும் வீட்டுப் பாட்டியம்மாவின் பேரன்தான் வண்டி ஓட்டினான். முப்பது வயதிருக்கும். உள்ளூர் மொழியான கிரியோலும் பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளம். தமிழில் 'வணக்கம்', 'காவடி', 'அரோகரா'. சித்தப்பாவை 'தொந்தோன்' என்று கூப்பிட்டான். மாமா, பெரியவர் என்பதற்குக் கிரியோலில் அப்படி.

மாற்றிய நோட்டுகளைச் சித்தப்பா வண்டியிலேயே கண்ணாடி போட்டுப் படித்தார். எழுத்தால் எழுதிய தொகை முதலில் ஆங்கிலத்தில், அடுத்து தமிழில், அப்புறம் இந்தியில். நூறு ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழர், முதல் கல்வி அமைச்சர். 1998-ல் வரிசையை மாற்றி இந்தியை மேலே ஏற்றி நோட்டு அச்சடித்தபோது தமிழர்கள் கொந்தளிக்க, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றிருக்கிறார்கள். "நாங்க பேசறதில்லை, ஆனா வரிசை மாறக்கூடாது" என்று பேரன் சிரித்தான்.

ஆயிரம் ரூபாயில் யார் என்று கேட்டேன். "துவால். இந்த நாடே வேண்டாம்னு சொன்னவர்" என்றான். மேலே கேட்பதற்குள் வீடு வந்துவிட்டது.

இரண்டாம் நாள், போர்ட் லூயிஸ்

புளூ பென்னி அருங்காட்சியகம். 1847-ல் அச்சடித்த 'போஸ்ட் ஆபீஸ்' தபால்தலைகள், ஒரு பென்னி ஆரஞ்சு, இரண்டு பென்னி நீலம். இரண்டிலும் விக்டோரியா ராணியின் தலை. ஒவ்வொன்றிலும் 500 அச்சடித்தார்கள். இரண்டும் சேர்த்து உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுகூட இல்லை. மை மங்கிவிடும் என்பதால் விளக்கு மணிக்குப் பத்து நிமிடம்தான் எரியும். மற்ற நேரத்தில் நகலைப் பார்க்கலாம். சித்தப்பா இருபது நிமிடம் முன்னாலேயே போய், சாமி திரை விலகக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

விளக்கு எரிந்தது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஓரம் கத்தரித்தது சற்றுக் கோணல். நீலம் நான் நினைத்ததைவிட அழுத்தம். சித்தப்பா மூச்சுவிட்டதே கண்ணாடியில் படிந்தது. காவலர் மெல்லக் கையசைத்துப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். பத்து நிமிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும், நான் எதிர்பார்த்தபடியே, "பாத்தியா, வெள்ளைக்காரன் கால வேலைப்பாடு" என்றார். ஆனால் அந்த இரண்டையும் 1993-ல் இருபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்து ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது மொரீஷியஸ் நிறுவனங்கள் பல சேர்ந்த கூட்டு. நான் சொன்னேன். "அதுவும் சரி" என்றார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய துறை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நாலரை லட்சம் பேருக்கு மேல் இந்தத் தீவுக்கு வந்தார்கள்; கல்கத்தாவிலிருந்து, சென்னையிலிருந்து, பம்பாயிலிருந்து. அவர்கள் ஏறிய கல்படிகள் பதினாறு. சித்தப்பா எண்ணிக்கொண்டே ஏறினார். கூலிகளுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் புதுச்சேரியிலிருந்து தமிழர்கள் வந்திருக்கிறார்கள். நோட்டில் தமிழ் இந்திக்கு மேலே நிற்பதற்கு இங்குள்ளவர்கள் சொல்லும் நியாயம் அது.

சாயங்காலம் ஷாம் த மார்ஸ், 1812-ல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம். 1968 மார்ச் 12 அன்று யூனியன் ஜாக்கை இறக்கி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு பட்டைக் கொடியை ஏற்றியது இங்கேதான். விழாவுக்கு வரவேண்டிய இளவரசி அலெக்சாண்ட்ரா வரவில்லை. அந்த ஜனவரியில் இதே நகரத்தில் கலவரம். பிரிட்டிஷ் படையை வரவழைத்துத்தான் அடக்க வேண்டியிருந்தது. சுதந்திரம் கிடைக்க இரண்டு மாதம்கூட இல்லாதபோது ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட ஊர் அது.

மூன்றாம் நாள், வீட்டிலேயே

சித்தப்பாவுக்குக் கால் வீக்கம். பாட்டியம்மா சமையலறையை விட்டு நகரவிடவில்லை. 82 வயது. 'ரசோன்' என்று நீட்டிய கிண்ணத்தில் ரசம். ஒரு வாய் குடித்ததும் சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். சித்தி கை மணம்.

பேரன் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க, பேச்சு 1967 தேர்தலுக்குப் போனது. ஆகஸ்ட் 7. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அந்தத் தேர்தல். ராம்கூலத்தின் தொழிற்கட்சியும் பிசுன்தயாளின் கட்சியும் ரசாக் முகமதின் முஸ்லிம் கட்சியும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கயத்தான் துவால், சேவல் சின்னம். பிரிட்டனோடு ஒட்டிக்கொண்டிருப்போம் என்றார் அவர். பெரும்பான்மையான இந்தியர்கள் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்று ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களுக்கும் பிரெஞ்சு வம்சாவளியினருக்கும் பயம். 'மல்பார் நு பா உலே' என்று சுவரில் எழுதினார்கள். மல்பார் எங்களுக்கு வேண்டாம். மல்பார் என்றால் இந்தியன். பாட்டியம்மா அதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்தினார், அறுபது வருடத்துக்குப் பிறகும்.

"நீங்க யாருக்குப் போட்டீங்கம்மா?" என்றார் சித்தப்பா.

"சேவலுக்கு."

பேரனுக்கே இது புதிது போலிருக்கிறது. மொழிபெயர்க்காமல் பாட்டியையே பார்த்தான். தமிழர்களில் பலர் அன்று துவால் பக்கம் நின்றார்கள் என்றார் பாட்டியம்மா. வடக்கத்தியார் ராஜ்யம் வந்தால் நமக்கென்ன மிச்சம் என்ற கணக்கு. கணவர் துறைமுகத்தில் கிளார்க். வெள்ளைக்காரன் போனால் கப்பல் வராது, அரிசி வராது என்று அவர் வீட்டில் சொன்னார். ஆஸ்திரேலியாவுக்குப் போக விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த வருடங்களில் அப்படிப் போனவர்கள் ஏராளம்.

எண்ணிப் பார்த்தபோது வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 44 பேர். மொரீஷியஸோடு சேர்ந்த சின்னத் தீவான ரோட்ரிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்கவே வேண்டாம் என்றது. எந்த நாட்டுக்கும் இது நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் 1969-லேயே ராம்கூலம் துவாலைக் கூட்டணியில் சேர்த்து வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். நாடே வேண்டாம் என்றவர் நாட்டின் சார்பாக உலகம் சுற்றினார்! இன்று ஆயிரம் ரூபாயில் அவர், ஐந்நூறில் பிசுன்தயாள், இருநூறில் ரசாக் முகமது, இரண்டாயிரத்தில் ராம்கூலம். 1967 தேர்தல் மேடை மொத்தமும் பர்ஸுக்குள்.

ரொம்பவும் புகழ வேண்டாம். 1971-ல் நெருக்கடி நிலை வந்தது, பத்திரிகைத் தணிக்கை வந்தது, நடக்கவேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்டார்கள். ஆனால் 1982-ல் மக்கள் ராம்கூலத்தை வழித்துத் துடைத்து எறிந்தபோது, மொரீஷியஸ் தீவின் 60 இடங்களும் எதிரணிக்கே, அவர் தொகுதியும் சேர்த்து, அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் சுதந்திரம் அடைந்த நாடுகளில் எத்தனை தலைவர்கள் அப்படிப் போனார்கள்?

பாட்டியம்மா இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது பள்ளிக்கூடம். மூத்த மகன் மூன்றாவது ஃபாரத்தோடு நின்றுவிட்டான், ஃபீஸ் கட்ட முடியவில்லை. 1977-ல் மேல்நிலை வரை கல்வி இலவசம் என்றார்கள். கடைசி மகளுக்கு ஃபீஸே இல்லை. "தப்பாப் போட்டோம். தப்பாப் போட்டவங்க பிள்ளைக்கும் இடம் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தார்.

நான்காம் நாள், பாம்பிள்மூஸ்

காலை தாவரத் தோட்டம், ராட்சத அல்லி இலைகள், ராம்கூலத்தைத் தகனம் செய்த இடம். பக்கத்திலேயே போ பிளான் ஆலை. 1999-ல் மூடி, இப்போது சர்க்கரை அருங்காட்சியகம். இரும்பு உருளைகளைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் பிசுபிசுக்கிறதோ என்று தோன்றியது, கற்பனைதான்.

ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் 1961-ல் இந்தத் தீவைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பின்னால் நோபல் வாங்கியவர். அவர் கணக்கு எளிமையானது: ஒரே பயிர், கரும்பு. மலேரியா ஒழிந்ததால் பிள்ளைகள் பெருகிக்கொண்டே போகிறார்கள். வேலை இல்லை. ஒரே வீதியில் நாலைந்து இனம். இது அமைதியாகத் தேறுவது கஷ்டம். சித்தப்பாவே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

மீட் கணக்கில் தப்பில்லை, விடைதான் தப்பிப்போனது. ஏன்? 1975-ல் ஐரோப்பிய நாடுகளோடு செய்த லோமே ஒப்பந்தத்தின் கீழ் வருடத்துக்கு 5 லட்சம் டன் சர்க்கரையை உலகச் சந்தையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக உறுதி கிடைத்தது. கரும்பு முதலாளிகள் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள். அவர்கள் நிலத்தை அரசு பிடுங்கவில்லை. ஏற்றுமதிக்கு வரி போட்டது. அந்தப் பணம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரிசி மானியம் என்று இறங்கியது. முதலாளிகளும் வெளியே ஓடாமல் லாபத்தை உள்ளூரிலேயே போட்டார்கள். 1970-ல் ஏற்றுமதி ஆலைகளுக்குத் தனிச் சட்டம். ஹாங்காங்கிலிருந்து ஆட்கள் வந்து துணி ஆலை போட்டார்கள். பேரனின் அம்மா, அந்த ஃபீஸ் கட்டாத கடைசி மகள், பதினெட்டு வயதில் ஸ்வெட்டர் பின்னப் போனவர். ஆடே மேயாத வெயில் தீவு, கம்பளி பின்னலாடையில் பெயர் வாங்கியது. 1980-களின் கடைசியில் அந்த ஆலைகளில் 90,000 பேர் வரை வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

இதில் எவ்வளவு சுதந்திரத்தின் பலன், எவ்வளவு அதிர்ஷ்டம்? வரி போடுவதும் சட்டம் எழுதுவதும் ஒப்பந்த மேசையில் தன் நாற்காலியில் உட்காருவதும் லண்டனிலிருந்து வந்த கவர்னர் செய்கிற காரியமில்லை என்பது என் கட்சி. சித்தப்பா கேட்டார்: "அந்த ஒப்பந்தம் கிடைச்சதே பிரிட்டன் ஐரோப்பாவுல சேர்ந்ததாலதானே?" அதுவும் உண்மைதான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தச் சலுகை 2009-ல் முடிந்தது. இருபதுக்கு மேல் இருந்த சர்க்கரை ஆலைகளில் இன்று ஓடுவது மூன்று.

ஐந்தாம் நாள்

க்யூர்பீப். மழை. எரிமலை வாயைப் பார்க்கப் போய் மூடுபனியைப் பார்த்துத் திரும்பினோம். மெட்ரோவில் வந்தோம்; போட்டது நம்ம எல் அண்ட் டி என்றதும் சித்தப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் 'கத்தோ பிமா', அதாவது மிளகாய்க் கேக். வாயில் போட்டால் சின்ன பருப்பு வடை. ஆளுக்கு எட்டு.

ஆறாம் நாள், புவான்த் ஓ சாப்ல்

இன்றைக்கு எழுதுவது நீளும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது சித்தப்பா ஆல்பத்தை எடுத்து வரவில்லை, பக்கங்களை போனில் படம் பிடித்து வந்திருந்தார். அதில் ஒரு வரிசை உண்டு. சீஷெல்ஸ் தபால்தலைகள், மேலே கறுப்பு மையில் 'பி.ஐ.ஓ.டி.' என்று அச்சு. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம். 1968 ஜனவரியில் வெளியானவை. எங்கோ ஏலத்தில் மொத்தமாக வாங்கிய உறையில் கிடைத்ததாம். முப்பது வருடமாக 'பிரிட்டிஷ் காலனிகள்' பக்கத்தில் இருக்கின்றன.

அந்தப் பிரதேசம் எப்படிப் பிறந்தது என்பதைப் பேரன் வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தான். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1965 செப்டம்பரில் சுதந்திரப் பேச்சுக்காக லண்டன் போயிருந்த ராம்கூலம் பிரதமர் வில்சனைத் தனியாகப் பார்த்தார். வில்சனுக்கு அன்று அவருடைய செயலாளர் எழுதிக்கொடுத்த குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது: சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டியே ராம்கூலத்தைப் பயமுறுத்த வேண்டும், அன்று மொரீஷியஸோடு இருந்த சாகோஸ் தீவுகளை விட்டுக்கொடுக்காவிட்டால் அது கிடைக்காமல் போகலாம் என்ற பயமும் இருக்க வேண்டும். நவம்பர் 8-ல் சாகோஸைப் பிரித்துத் தனிக் காலனி ஆக்கினார்கள். மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுன். சாகோஸில் பெரிய தீவான தியேகோ கார்சியாவை அமெரிக்கா ராணுவத் தளத்துக்குக் கேட்டிருந்தது. தளத்துக்கு ஆள் இல்லாத தீவு வேண்டும். ஆனால் அங்கே ஆள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் உடைத்துக் கொப்பரை போட்டவர்கள், ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேர். 1968-க்கும் 1973-க்கும் இடையில் எல்லாரையும் ஏற்றி இங்கேயும் சீஷெல்ஸிலும் இறக்கினார்கள். தியேகோ கார்சியாவில் 1971-ல் அவர்களுடைய நாய்களைக் கொட்டகையில் அடைத்துப் புகை விட்டுக் கொன்றார்கள்.

நாங்கள் பார்க்கப் போனது பேரனுடைய நண்பனின் அம்மா. பெரோஸ் பன்ஹோஸ் தீவில் பிறந்தவர்; கடைசிக் கப்பலில் வந்தபோது ஏழு வயது. தகர வேலி, வாசலில் மிளகாய்ச் செடி. தேங்காய்ப்பாலில் சமைத்த மீன் கொடுத்தார், 'செராஸ்' என்று பெயர். "இங்க தேங்காய்க்குக் காசு குடுக்கணும். அங்க காலில் இடறும்" என்றார்.

அவருக்கு நினைவிருப்பது: ஒரு பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கப்பலில் கீழ்த்தட்டில் படுக்கை. துறைமுகத்தில் பெரியவர்கள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்தது. அப்புறம் ரோஷ் புவா சேரியில் ஓர் அறை. இங்கே யாருக்கும் கொப்பரை போடுகிறவன் தேவைப்படவில்லை. பிரிட்டன் கொடுத்த நஷ்டஈடு முதல் தவணையை அரசு கையில் வைத்துக்கொண்டு 1978-ல்தான் பங்கிட்டது. அதற்குள் அவருடைய அம்மா போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'இலுவா' என்று கேலி செய்வார்களாம், 'தீவுக்காரி'. இதைச் சொன்னது மொரீஷியஸ் பிள்ளைகள், சுதந்திர நாட்டுப் பிள்ளைகள்.

சித்தப்பா தயங்கித் தயங்கி போனை நீட்டினார். அந்த அம்மா கண்ணைச் சுருக்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாங்கள் தீவில் இருந்தபோது வந்ததா என்று கேட்டார். ஆமாம், 1968. "எங்க ஊருக்குத் தபால்தலை இருந்ததுன்னே எனக்குத் தெரியாது." அப்புறம், மெதுவாக: "நாங்க வந்த பிறகும் போட்டாங்களா?" போட்டார்கள். ஊர்க்காரன் ஒருவனும் இல்லாத பிரதேசத்தின் பெயரில் மீனும் பறவையும் போட்டுப் பல வருடம் வெளியிட்டார்கள். 2021-ல் உலக அஞ்சல் ஒன்றியம் இனி அவற்றை ஏற்பதில்லை என்று வாக்களித்தது. சித்தப்பாவுக்கு அது தெரியும், சேகரிப்பாளர் வட்டத்தில் விலை ஏறுமா இறங்குமா என்ற பேச்சாக மட்டும்.

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி செல்லாது என்று 13-க்கு 1 என்ற கணக்கில் ஆலோசனைத் தீர்ப்பு சொன்னது. 2025 மே மாதம் பிரிட்டன் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தருவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. தியேகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்குத் திரும்பிப் போகும் என்பது ஏற்பாடு. போர்ட் லூயிஸில் கொண்டாட்டம். இந்த அம்மாவுக்கு? "அன்னைக்கும் எங்களைக் கேக்கலை. இன்னைக்கும் கேக்கலை." அவருடைய தம்பி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கி லண்டன் பக்கம் கிராலி ஊரில் இருக்கிறார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை.

மொரீஷியஸுக்குச் சுதந்திரம் நல்லதுதான் செய்தது. நாலு நாளாகப் பார்த்ததில் எனக்கு அதில் சந்தேகமில்லை. வேண்டும் என்று போட்டவனுக்கும் கிடைத்தது, வேண்டாம் என்று போட்டவனுக்கும் கிடைத்தது. ஆனால் விலையைக் கொடுத்தது இந்த இரண்டு பேருமே இல்லை. வாக்குச்சீட்டே கையில் இல்லாத மூன்றாவது ஆள் தலையில் பில்லைக் கட்டிவிட்டார்கள். ரோஷ் புவாவில் வளர்ந்த காயா என்ற பாடகர் 1999-ல் போலீஸ் காவலில் இறந்தபோது தீவு எரிந்ததே, அதிலும் இந்தக் கணக்கின் பாக்கி ஒட்டிக்கொண்டிருந்தது என்று பேரன் சொன்னான். கரும்பிலும் துணியிலும் கிரியோல் ஏழைகளுக்குக் கிடைத்த பங்கு கொஞ்சம்தான்.

திரும்பும் வழியில் சித்தப்பா வெள்ளைக்காரன் பேச்சையே எடுக்கவில்லை. கால் வலி என்றார்.

ஏழாம் நாள், செந்த் அந்த்ரே, ரியூனியன்

ரியூனியன் ஷெங்கனில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவில், சேராது, தனி விசா. அது வருவதற்குள் பட்ட பாட்டை விடுங்கள். முக்கால் மணி நேர விமானம். இந்தத் தீவு 1946-ல் பிரான்சின் மாவட்டமாகவே ஆகிவிட்டது. கொடி பிரான்ஸ், பணம் யூரோ, ஓட்டு பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு. விமான நிலையத்தின் பெயர் ரோலண் கரோஸ். டென்னிஸ் மைதானம்தான் நமக்குத் தெரியும், ஆள் இந்த ஊரில் பிறந்த விமானி.

சித்தப்பாவின் 'அம்பது வருஷம்' இங்கே நடந்துகொண்டிருக்கிறது, எண்பதைத் தொடப் போகிறது. முதல் அரை மணி நேரம் அவர் ஜெயித்தார். சாலை வழுக்கிக்கொண்டு போனது. தலைநகர் செந்த் தெனிக்கு மேற்கே கடலுக்குள்ளேயே தூண் நட்டு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் பாரிஸில் எவ்வளவோ அவ்வளவே, கையில் வருவது மாதம் 1,400 யூரோவை ஒட்டி. மொரீஷியஸில் அந்த ஊர் ரூபாயில் 17,000-ஐ ஒட்டி. அதைப்போல நாலு மடங்கு இது.

பிறகு பல்பொருள் அங்காடிக்குப் போனோம். தயிர், வெண்ணெய், பாட்டில் தண்ணீர், பாதிக்கு மேல் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவை. உணவு விலை பிரான்சைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே. வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை வருகிறது, வேலை வருவதில்லை. சும்மா சொல்லக்கூடாது, மொரீஷியஸ் ஏழையைவிட இங்குள்ள ஏழை நன்றாகச் சாப்பிடுகிறான், நல்ல ஆஸ்பத்திரிக்குப் போகிறான். இதைத் தள்ளிவிட்டு எழுதினால் பொய்.

செந்த் அந்த்ரே கோயிலில் ஒரு பையன் எங்களைப் பிடித்துக்கொண்டான். குடும்பப் பெயர் தமிழ், முதல் பெயர் பிரெஞ்சு கிறிஸ்தவப் பெயர். இங்கே 'மல்பார்'களில் அது சகஜம். பாண்டியாலே அம்மன் தீமிதிக்குப் பதினெட்டு நாள் விரதம் இருப்பானாம். பாண்டியாலே நம்ம திரௌபதி. சுவரில் மாட்டியிருந்த துணியில் தமிழில் எழுதியிருந்ததைக் காட்டி என்ன என்று கேட்டான். சித்தப்பா படித்துச் சொன்னார்: "ஓம் சக்தி." பையன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். மொரீஷியஸிலும் தமிழ் பேசுகிறவர்கள் குறைவுதான், இதில் எந்தத் தீவும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அங்கே நோட்டிலாவது சண்டை போட்டு வைத்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள், செந்த் தெனி

சித்தப்பா போஸ்ட் ஆபீஸுக்குப் போகாமல் எந்த ஊரையும் விட்டு வரமாட்டார். மஞ்சள் பலகை, ஏசி, டோக்கன். ரியூனியன் தபால்தலை வேண்டும் என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் புன்னகையோடு பிரான்ஸ் தபால்தலையைக் கொடுத்தார். இல்லை, ரியூனியனுடையது. அவர் இன்னும் பொறுமையாக, இதுதான் என்றார்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த விஷயம்தான், நேரில்தான் உறைத்திருக்கிறது. 1974 வரை பிரான்ஸ் தபால்தலையில் விலையை மட்டும் மாற்றி அச்சடித்து இங்கே விற்றார்கள். அதற்குப் பிறகு அதுவும் கிடையாது. வாசல் படியில் உட்கார்ந்து தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்பது லட்சம் ஜனம்டா. ஒரு தபால்தலை கிடையாது இவங்களுக்குன்னு."

பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். மொரீஷியஸ்காரர்களைக் கண்டு பொறாமையா என்று கேட்டேன். "பென்ஷனுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று சிரித்தார். பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். 1962 முதல் 1984 வரை இந்தத் தீவிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிரான்சில் ஆள் குறைந்த கிராமங்களுக்கு அரசு அனுப்பியது, க்ரூஸ் என்ற மாவட்டத்துக்கு நிறையப் பேர். படிப்பு, லீவில் வீட்டுக்கு வரலாம் என்று சொல்லிப் பெற்றோரிடம் கைநாட்டு. பலர் பண்ணை வேலைக்குப் போனார்கள், லீவு வரவேயில்லை. 2014-ல் பிரெஞ்சு நாடாளுமன்றம் தார்மிகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது. அண்ணன் நாற்பது வயதில் ஒருமுறை வந்தாராம். அம்மாவிடம் பேச அவருக்குக் கிரியோல் மறந்துபோயிருந்தது.

பஸ் வந்துவிட்டது. நேரம் தவறாமல்.

ஊர் திரும்பி நான்கு நாள் கழித்து

விமான நிலையத்தில் மிச்ச ரூபாயை மாற்றும்போது துவால் நோட்டு ஒன்றைச் சித்தப்பா தர மறுத்துவிட்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் இந்திய ரூபாய் அது. அது ஆல்பத்துக்காம்.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மின்வெட்டு, மெழுகுவத்தி. அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். விசிறியை எடுத்து விசிறிக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் ஆல்பம் இரண்டு இடத்தில் விரித்திருந்தது, நடுவில் ஒரு ஸ்கேல். இந்தப் பக்கம் 'பிரிட்டிஷ் காலனிகள்', அந்தப் பக்கம் 'மொரீஷியஸ்'. பி.ஐ.ஓ.டி. தபால்தலைகளை இடுக்கியால் எடுத்து வெளியே வைத்திருந்தார்.

"இதை எங்கடா ஒட்டறது?"

மொரீஷியஸ் பக்கத்தில் வைக்கலாமே என்றேன். "அந்த அம்மா ஒத்துப்பாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை பால் கொடுக்கப் போனபோது மின்சாரம் வந்து மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தபால்தலைகள் மேசையிலேயே இருந்தன, பறந்துவிடாமல் மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்.